விட்டு விட்டு உதறும் வண்டி: ஒரு தீப்பொறியின் நூறு வருஷக் கதை

பழைய கார் இருந்த வீட்ல வளர்ந்தவங்களுக்கு இந்தக் காட்சி நல்லா தெரியும். காலையில சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் சுத்துது, என்ஜின் பிடிக்கல. நாலஞ்சு தடவைக்கு அப்புறம் ஒரு வழியா பிடிக்குது. தெருமுனை தாண்டினதும் இருமுற மாதிரி ஒரு உதறல். 'மிஸ்ஸிங் அடிக்குது'ன்னு மெக்கானிக் சொல்றது இதைத்தான். சரின்னு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனா, டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிடற பையன் மாதிரி, வண்டி சமர்த்தா ஓடும்!

எப்பவும் இருக்கிற பழுதைக் கண்டுபிடிச்சிடலாம். வந்து வந்து போற பழுதுதான் ஆளைச் சுத்தவிடும். அந்தப் பழுதைத் துரத்தின கதைதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல அடிப்படை. பெட்ரோல் என்ஜின் ஓட மூணு விஷயம் வேணும். பெட்ரோலும் காத்தும் சரியான அளவுல கலக்கணும். அந்தக் கலவை சிலிண்டருக்குள்ள நல்லா அழுத்தப்படணும். சரியான நொடியில தீப்பொறி விழணும். நாலு சிலிண்டர் கார் ஒண்ணு 3000 ஆர்.பி.எம்-ல ஓடுதுன்னா, ஒரு நொடிக்கு 100 தீப்பொறி தேவை. அதுல சிலது தவறினாலே நம்ம காலுக்கு அந்த உதறல் தெரிஞ்சிடும்.

1902-ல ஜெர்மனியில ராபர்ட் பாஷ் கம்பெனியில வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட்ங்கிற என்ஜினியர், உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். என்ஜின் சுத்தும்போதே தீப்பொறிக்கான மின்சாரத்தை அது தானே தயாரிச்சுக்கும். பேட்டரி தேவையில்ல. ஆனா அதுல ஒரு சிக்கல். வேகமா சுத்தினா நல்ல பொறி, மெதுவா சுத்தினா பலவீனமான பொறி. அந்தக் காலத்துல வண்டியை ஸ்டார்ட் பண்ண, முன்னாடி நின்னு கையால கிராங்க் கம்பியைச் சுத்தணும். கையால எவ்வளவு வேகமா சுத்திட முடியும்? சில நேரம் என்ஜின் பின்னாடி உதைச்சு, கம்பி திரும்பி அடிச்சுக் கை முறிஞ்சவங்களும் உண்டு. ஸ்டார்ட் ஆகாத வண்டி அன்னைக்கு வெறும் எரிச்சல் இல்ல, ஆபத்து.

அடுத்து அமெரிக்கா, ஓஹையோ மாநிலத்துல டேட்டன் நகரம். அங்க சார்லஸ் கெட்டரிங், 'டெல்கோ' நிறுவனத்தைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர், பேட்டரியில இருந்து தீப்பொறி எடுக்கிற முறையைக் காருக்குத் தகுந்த மாதிரி செஞ்சு கொடுத்தார். 1912 மாடல் கேடிலாக் காருக்கு அவரோட எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் வந்தது. கிராங்க் கம்பிக்கு விடை கொடுத்தாச்சு.

கெட்டரிங் முறை எப்படி வேலை செய்யுது? பேட்டரியோட சின்ன வோல்டேஜ் காயிலுக்குப் போகுது. பாயிண்ட்னு சொல்ற ரெண்டு சின்ன உலோக முனைகள், சுவிட்ச் மாதிரி மூடி மூடித் திறக்கும். திறக்கிற அந்த நொடியில காயில்ல 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் எகிறும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை எந்த சிலிண்டருக்கு முறையோ அந்த ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்பும். பாயிண்ட் பொசுங்கிடாம இருக்க, பக்கத்துல ஒரு குட்டி கண்டன்சர்.

கிட்டத்தட்ட அறுபது வருஷத்துக்கும் மேல உலகத்துக் கார்கள்ல பெரும்பாலானவை இப்படித்தான் ஓடின. நம்ம ஊர் அம்பாசடர், பத்மினி எல்லாம் ரொம்ப காலம் இதே கதைதான். உப்புத்தாள் வெச்சு பாயிண்டைத் தேய்க்கிறதும், ஃபீலர் கேஜ் வெச்சு இடைவெளி பார்க்கிறதும் அந்தக் காலத்து மெக்கானிக்கோட தினசரி வேலை.

இதுல கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் தீப்பொறிக்கும் ஒரே பேட்டரிதான். சாவியைத் திருப்பினதும் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சிடும். 12 வோல்ட், 10 வோல்ட் அளவுக்கு இறங்கிடும். பொறி பலமா தேவைப்படுற நேரத்துலதான் அது பலவீனமாகுது. அதனாலதான் தேய்ஞ்ச பிளக்கோ சோர்ந்த காயிலோ இருக்கிற வண்டியில, காலையில ஸ்டார்ட் ஆகாத தொல்லையும் ஓடும்போது உதறலும் பல நேரம் சேர்ந்தே வரும். ரெண்டு நோய் மாதிரி தெரியும். வேர் ஒண்ணாவே இருக்கலாம்.

அப்போ கம்ப்யூட்டர் இல்ல. நல்ல மெக்கானிக் முதல்ல கேட்கிற கேள்வி 'என்ன ஆச்சு?' இல்ல, 'எப்போ ஆச்சு?' சூடானதும் உதறி, ஆறினதும் சரியாகுதா? காயிலையோ கண்டன்சரையோ சந்தேகப்படணும். மழையிலயும் பனியிலயும் மட்டும் வருதா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில விரிசல் இருக்கலாம், பிளக் வயர்ல கசிவு இருக்கலாம். இருட்டுல பானட்டைத் திறந்து பார்த்தா, கசியற இடத்துல நீலப் பொறி தாவுறது கண்ணுக்கே தெரியும். மேடு ஏறும்போது மட்டுமா? பெட்ரோல் போதுமான அளவு வரலையோ என்னவோ.

அப்புறம் ஒவ்வொரு பிளக் வயரா கழட்டிப் பார்ப்பாங்க. நல்லா வேலை செய்யற சிலிண்டரை நிறுத்தினா என்ஜின் சத்தம் தடுமாறும். எதை நிறுத்தியும் சத்தம் மாறலையோ, அதுதான் குற்றவாளி. கழட்டின பிளக்கையும் படிப்பாங்க: கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம், நனைஞ்சிருந்தா அங்க எரியவே இல்ல.

அதுவரைக்கும் உதறல்ங்கிறது வண்டிக்காரரோட சொந்தப் பிரச்சினை. அதை ஊர்ப் பிரச்சினையா மாத்தினது லாஸ் ஏஞ்சலஸ் புகை. 1950-கள்ல ஆரி ஹாகன்-ஸ்மிட்ங்கிற விஞ்ஞானி, கண்ணை எரிக்கிற அந்தப் புகைமூட்டத்துக்குக் காரணத்தைக் காட்டினார். எரியாம வெளியேறுற பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில்ல சேர்ந்து வினை புரியுதுன்னார். 1975 மாடல்ல இருந்து பெரும்பாலான அமெரிக்கக் கார்கள்ல புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. இந்தியாவுல 1995-ல சென்னை உள்பட நாலு பெருநகரங்கள்ல புதுப் பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாச்சு.

இப்போ ஒரு சிலிண்டர் எரியலன்னா, அந்தப் பெட்ரோல் நேரா கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும். உள்ளே இருக்கிற பீங்கான் உருகிப் பாழாகும் அளவுக்குச் சூடேறும். அதனாலதான் 1996-ல இருந்து அமெரிக்காவுல கட்டாயமான ஓ.பி.டி-2 விதிகள், உதறலைக் கார் தானே கண்டுபிடிச்சுச் சொல்லணும்னு கேட்டன. இந்தியாவுல 2013-ல ஓ.பி.டி-2 வந்தது.

கார் எப்படிக் கண்டுபிடிக்குது? கிராங்க் ஷாஃப்ட் சுத்துற வேகத்தை ஒரு சென்சார் பார்த்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது ஒரு தள்ளு கிடைக்கும். ஒரு தள்ளு தவறினா சுழற்சி துளி தளரும். உடனே கோட் பதிவாகும்: பி 0301-ன்னா முதல் சிலிண்டர், பி 0303-ன்னா மூணாவது, பி 0300-ன்னா குறிப்பிட்ட ஒண்ணு இல்ல, மாறி மாறி. யோசிச்சுப் பாருங்க, மெக்கானிக் காது கேட்டதும் இதே தாளத்தைத்தான்!

ஆனா அந்தக் கோட் 'எங்கே'ன்னுதான் சொல்லும், 'ஏன்'னு சொல்லாது. பி 0301 வந்ததும் புது காயில் வாங்கி மாட்டி, அடுத்த வாரம் அதே உதறலோட திரும்பி வர்றவங்க நிறைய. முதல் சிலிண்டர் காயிலை மூணாவதுல மாத்திப் போட்டுப் பாருங்க. கோட் 0303-க்குத் தாவினா காயில்தான் தப்பு. தாவலையா? பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு தேடல் தொடரணும். பழைய மெக்கானிக் வயர் கழட்டிப் பார்த்த அதே புத்திதான் இது.

அதனால உங்க வண்டி உதறுச்சுன்னா, போன்ல குறிச்சு வைங்க: எந்த நேரம், சூடா குளிரா, மழையா, மேடா, டேங்க்ல எவ்வளவு பெட்ரோல். செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினா, கன்வெர்ட்டர் கெட்டுப் போற அளவு உதறல்னு அர்த்தம். ஓட்டாதீங்க, ஓரங்கட்டுங்க. ஒர்க்‌ஷாப்ல வண்டி சமர்த்தா நின்னாலும் பரவாயில்ல. அது எப்போ அடம் பிடிச்சதுன்னு சொல்ல உங்க குறிப்பு இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.