நெல்லைச் சீமையில் மெட்டு மாற்றிப் பாடும் மரபு

ஊரறிந்த ஒரு பாட்டின் மெட்டை எடுத்து, அது பிறந்த இடத்தோடு சற்றும் தொடர்பில்லாத சொல்லிலோ கருவியிலோ மறுபடி ஒலிக்கச் செய்வது, தாமிரபரணிக் கரையிலும் அதைச் சூழ்ந்த பழைய திருநெல்வேலிச் சீமையிலும் தலைமுறைகளாகத் தொடரும் இசை வழக்கம். இன்றைய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்கள் சேர்ந்ததே அந்தச் சீமை. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாயின. வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு மெட்டு சமஸ்கிருதத் துதியானதும், நந்தன் கதைப் பாட்டு அரசியல் பாட்டானதும், சினிமாப் பாட்டு நாகசுரத்துக்கும் வில்லுக்கும் வந்ததும் இம்மரபின் வெவ்வேறு கட்டங்கள்.

இதை நகல் வேலை என்று தள்ளுவது பிழை. கேட்பவர் மனத்தில் மூலப் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, காதில் வேறொன்று விழ வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் சுவை பிறக்கிறது. மூலத்தை நன்றாக உள்வாங்கியவரால்தான் அந்த இடைவெளியைச் சரியாக வைக்க முடியும்.

எட்டயபுரம்: பேண்டு மெட்டில் சமஸ்கிருதம்

இம்மரபின் மூத்த சான்றுகள் முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுஸ்வர சாகித்தியங்கள். அவை பிறந்தது சென்னைப் பக்கம். தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் பட்டாள பேண்டைக் கேட்கும் வாய்ப்பு பிள்ளைகளுக்குக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவரானார். அண்ணன் அந்த பேண்டு மெட்டுகளுக்குத் தெய்வங்களைப் போற்றும் சமஸ்கிருதச் சொற்களை அமைத்தார். இப்படிச் சுமார் 40 உருப்படிகள் கிடைக்கின்றன.

இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆனது. ஐரோப்பியக் குழந்தைகள் பாடிய பிரெஞ்சு மெட்டு ஒன்று ‘சியாமளே மீனாட்சி’ ஆனது. நம் ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடும் பாட்டும் அதே மெட்டுதான். அயர்லாந்து நடன மெட்டும் பிரெஞ்சு நடன மெட்டும் இந்தத் தொகுப்பில் உண்டு. மன்னர் வாழ்த்தின் மெட்டை ஐரோப்பாவின் சிறிய நாடான லீக்டன்ஸ்டைன் இன்றும் தன் தேசிய கீதமாக வைத்திருக்கிறது. ஒரு மெட்டு எத்தனை கொடிகளுக்குக் கீழே நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

தீட்சிதரின் கிருதிகள் கமகம் செறிந்தவை, விளம்ப நடையில் மெல்ல விரிபவை. திருநெல்வேலி காந்திமதி அம்மன் மேல் அவர் பாடிய ‘ஸ்ரீ காந்திமதிம்’ அதற்கு அருமையான உதாரணம். அந்தக் கையே நோட்டுஸ்வரத்தில் கமகத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கி வைத்திருக்கிறது. பேண்டு மெட்டின் நேரான சுரங்கள் சங்கராபரண சுரத்தானங்களில் அப்படியே அடங்கின. அவர் அவற்றை வளைக்கவில்லை, ராகமாக இழைக்கவும் இல்லை. அயலார் மெட்டை அதன் இயல்பிலேயே விட்டு, சொல்லை மட்டும் தமதாக்கினார். பெரும் வித்துவான் ஒருவருக்கு இந்த அடக்கம் எளிதில் வருவதன்று. மெட்டு மாற்றுவோருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பாலுசுவாமி எட்டயபுரம் அரண்மனையின் ஆஸ்தான வித்துவான் ஆனார். அண்ணனும் இறுதிக் காலத்தில் எட்டயபுரம் வந்து, 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். அவருடைய சமாதி அவ்வூரில் இருக்கிறது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகாரப் புத்திரருமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) குடும்பச் சொத்தான பாடாந்தரத்தைக் காத்து, 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எட்டயபுரத்திலேயே அச்சிட்டார். நோட்டுஸ்வரங்களை அவர் தொடக்கப் பயிற்சி நூலில் சேர்த்தார். அதற்கு முன்பே, 1893இல், சின்னசாமி முதலியார் இத்தகைய உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறிப்பில் வெளியிட்டிருந்தார். பேண்டுக்காரர் கையிலிருந்து வந்த மெட்டு, துதியாகி, மறுபடி பேண்டுக்காரர் படிக்கும் எழுத்துக்குள்ளேயே திரும்பியது. இன்று குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் இவற்றை விரும்பிக் கையாளுகிறார்கள்.

அரிகேசநல்லூரின் இங்கிலீஷ் நோட்டு

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே வேலையை வேறு வழியில் செய்தவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945). தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் அம்பாசமுத்திரம் வட்டாரத்து ஊர் அது. ஹரிகதை, நாடகம், சினிமா, திருவிதாங்கூர், மைசூர் அரசவைகள் என்று பல களங்களில் இயங்கியவர். அவருடைய ‘இங்கிலீஷ் நோட்டு’ எந்த ஒரு மேல்நாட்டுப் பாட்டையும் எடுத்துக்கொண்டதன்று. பேண்டின் நடையையும் துள்ளலையும் சுரங்கள் தாவித் தாவி விழும் விதத்தையும் சங்கராபரணத்தில் புதிதாகக் கட்டியது. பாணியை மட்டும் கடன் வாங்கும் இந்த வித்தை தீட்சிதரின் முறைக்கு நேர் எதிரானது: அங்கே மெட்டு அயல், சொல் நம்முடையது, இங்கே மெட்டும் நம்முடையது, தோரணைதான் அயல்.

பாகவதரிடம் பயின்ற மதுரை மணி ஐயர் கச்சேரியின் கடைசிப் பகுதியில் இதைப் பாடத் தொடங்கியபின் இங்கிலீஷ் நோட்டு தமிழ்நாடெங்கும் பரவியது. அவையோர் இதற்காகவே எழாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாகசுரக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், கல்யாண ஊர்வலத்திலும் சாமி புறப்பாட்டிலும் இங்கிலீஷ் நோட்டு கேட்காத ஊர் அப்போது அரிது. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாகசுரக் குழு வெள்ளைக்காரர் முன்னிலையில் இங்கிலீஷ் நோட்டு வாசிக்கும் காட்சி, அந்த வழக்கத்தின் பதிவு.

பாரதியின் வர்ணமெட்டு

பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்புக்குக் கீழே, எந்தப் பாட்டின் வர்ணமெட்டில் பாட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத வாசகருக்கு அந்த ஒரு வரியே போதும். எட்டயபுரத்தில் பிறந்து நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி (1882–1921) இதைக் கூர்மையான அரசியல் கருவியாக்கினார்.

1908 மார்ச் மாதம் வ.உ. சிதம்பரம் பிள்ளை கைதானார். திருநெல்வேலி கொந்தளித்தது; கடைகள் அடைபட்டன, அரசு அலுவலகங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்போது கலெக்டராக இருந்தவர் விஞ்ச். விஞ்ச் சிதம்பரம் பிள்ளையிடம் பேசுவதாகவும், பிள்ளை அவருக்குப் பதில் சொல்வதாகவும் பாரதி பாட்டுகள் எழுதினார். கலெக்டரின் பாட்டுக்கு அவர் குறித்த மெட்டு, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்திலிருந்து வந்தது. சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கில அதிகாரி ஏசுவதாக அமைந்த இன்னொரு பாட்டுக்கும் நந்தனார் மெட்டுதான். அது சிதம்பரம் போக ஆசைப்பட்ட நந்தனை ஆண்டை இழிவாகப் பேசும் பாட்டின் மெட்டு.

அந்த நாளில் நந்தனார் பாட்டு தெரியாத தமிழர் குறைவு. கதாகாலட்சேபத்திலும் நாடகத்திலும் கேட்டுக் கேட்டுப் பழகியது. கேட்பவர் காதில் மெட்டு விழுந்ததுமே ஆண்டையின் குரலும் நந்தனின் கூனிய முதுகும் மனத்தில் வந்துவிடும். அதே மெட்டில் ஆங்கில அதிகாரி பேசும்போது, வெள்ளைக்காரன் நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நந்தனை அப்படி வைத்தவர்கள் நாமே என்ற உறுத்தலும் அதற்குள் இருக்கிறது. நெல்லைச் சீமையில் மெட்டு மாற்றும் கலை தொட்ட உச்சம் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதி இரங்கற்பா எழுதினார். ஆனால் பொருள் புரியாத பிறமொழிக் கீர்த்தனங்களையே வித்துவான்கள் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கண்டித்தும் எழுதினார். தெரிந்த மெட்டு, புரியும் சொல் என்ற அவருடைய வழி அந்தக் கண்டனத்துக்கு அவரே செய்து காட்டிய விடை.

தேவாலயம், காவடி, நாடகம்

பாளையங்கோட்டை வட்டாரத்துச் சீர்திருத்தச் சபைகளில் ஒரே ஆராதனையில் இரண்டு திசையிலும் இந்த மாற்றம் நடக்கிறது. பாமாலையில் ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல். கீர்த்தனையில் கர்நாடக மெட்டுகளுக்குக் கிறிஸ்தவச் சொல், துணைக்கு ஆர்கன். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இன்னும் ஒரு படி மேலே போனார். குற்றாலத்துச் சாரலில் வளர்ந்த குறவஞ்சி வடிவத்தைப் பெத்லகேமுக்குக் கொண்டுபோய் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார்.

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து எதிர்ப்பக்கம் நிற்பது. ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில், கழுகுமலை முருகன் மேல் எழுந்தது. நடந்து போகிறவர்களின் காலடிச் சந்தம் அதில் உறைந்திருப்பதால், கடன் வாங்குவதற்கு அதைவிட வசதியான மெட்டு வேறில்லை. மேடைக் கச்சேரியும் நாடகமும் சினிமாவும் அதனிடம் வாங்கியபடியே இருக்கின்றன. நாடகத்திலோ தூத்துக்குடி அருகே பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) காலத்தில் பார்சிக் கம்பெனிகளின் இந்துஸ்தானி மெட்டுகள் ஆர்மோனியத்தோடு மேடையேறின. செங்கோட்டை கிட்டப்பா (1906–1933) கர்நாடக சங்கீதத்தை டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்குப் பாடிக் காட்டினார். தமிழ் பேசும்படத்தின் தொடக்க காலப் பாட்டுகள் பல இந்த மேடைகளிலிருந்து இறங்கி வந்தவை.

நாகசுரமும் நையாண்டி மேளமும்

சேரன்மகாதேவிப் பக்கத்துக் காருகுறிச்சி மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையில், எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகசுரம் சேர்ந்த ‘சிங்கார வேலனே தேவா’, ஆபேரி ராகத்தை இசை தெரியாதவர் வீட்டுக்கும் கொண்டுபோனது. அதில் குரல்தான் நாகசுரத்தின் பிடிகளைப் பின்தொடர்கிறது. மனிதக் குரல் சீவாளியின் சீறலையும் குழைவையும் எட்டிப் பிடிக்க முயலும் பாட்டு அது. படம் வந்த பிறகு கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் நாகசுரக்காரர்களிடம் அதையே கேட்டார்கள். கருவியிலிருந்து குரலுக்குப் போன பாணி, சினிமாப் பாட்டாகி, மறுபடி கருவிக்கே வந்தது.

கொடை எனப்படும் கோயில் விழாக்களில் கரகத்துக்கும் காவடிக்கும் வாசிக்கும் நையாண்டி மேளம் இதை அன்றாடத் தொழிலாகவே செய்கிறது. நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தாளம் ஆகியவை ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறிச் சேரும். சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் அடிக்கும் அடிகளுக்கு நடுவே, ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கும் நேரத்திலும் கூட்டம் கலையப் பார்க்கும் நேரத்திலும் சினிமாப் பாட்டு வரும்.

கேட்க எளிதாக இருப்பது வாசிக்க எளிதன்று. ஸ்டுடியோவில் பல வயலின்களும் கிதாரும் பகிர்ந்துகொண்ட இசையை இங்கே இரண்டு குழல்கள் சுமக்க வேண்டும். இழுத்துப் பாடும் அடிகள் நாகசுரத்துக்கு இயல்பாக வரும். பாட்டின் முன்னால் வரும் கிதார்த் தெறிப்புக்கு நாக்கால் காற்றை வெட்டி வெட்டித் துத்துக்காரம் செய்ய வேண்டும். பாதிச் சுரங்களை விரல் துளையைப் பாதி மூடியும் சீவாளியை உதட்டால் அழுத்தியும் பிடிக்க வேண்டும். ஆணும் பெண்ணும் பாடிய பாட்டென்றால் இரண்டு நாகசுரங்களும் ஆளுக்கொரு குரலை எடுத்துக்கொள்வதுண்டு. டிரம்ஸ் விட்ட இடத்தைத் தவிலும் பம்பையும் நிரப்பும். நான்கு அடியாக நேராகப் போன பாட்டு, தவில்காரர் கைக்கு வந்ததும் தெம்மாங்கு நடைக்குச் சாய்ந்து ஆட்டத்துக்கு உகந்ததாகிவிடும். இசைக்குறிப்பு எழுதிவைத்து யாரும் வாசிப்பதில்லை, எல்லாம் கேள்வி ஞானம். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்துக்கு இளையராஜா இந்த மேளத்தின் ஓசையிலிருந்தே பாட்டுகளைக் கட்ட, அவையும் மேளத்துக்குத் திரும்பி வந்து இன்றுவரை ஒலிக்கின்றன.

வில்லுப்பாட்டு

வில், வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றோடு இரவு முழுக்கக் கதை சொல்லும் வில்லுப்பாட்டுக்குத் தன் சொந்த மெட்டுகள் உண்டு. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலோடு சேர்ந்த முத்துப்பட்டன் கதை போன்றவை அந்த மெட்டுகளிலேயே நிற்கின்றன. நள்ளிரவு தாண்டிக் கூட்டம் கண்ணயரும்போது, கதைத்தலைவன் காதலிக்கும் கட்டத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி ஒரு சினிமா மெட்டில் கதைச் சொற்களை ஏற்றுவார். கூட்டம் நிமிர்ந்து உட்காரும். திருநெல்வேலி அருகே சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் (1928–2022) கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வழியாகச் சென்னைக்குப் போய், காந்தி கதையையும் அன்றாடச் செய்திகளையும் வில்லில் ஏற்றினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பதிவின் நிலை

நோட்டுஸ்வரங்களுக்கு 1893இலிருந்தே அச்சுப் பிரதி உண்டு. பாரதியின் வர்ணமெட்டுக் குறிப்புகள் பதிப்புகளில் இருக்கின்றன. காருகுறிச்சியாரின் வாசிப்பு இசைத்தட்டிலும் படத்திலும் பிழைத்தது. நையாண்டி மேளத்துக்கும் கொடை வில்லுக்கும் அப்படியொரு காப்பு இல்லை. கொடையில் கைப்பேசியால் எடுக்கப்படும் ஆயிரக்கணக்கான காணொளிகளில் சினிமாப் பாட்டின் பெயர் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. கொடைக்குப் போய்ப் படம் எடுப்பவர்கள், வாசித்து முடித்த நாகசுரக்காரரிடமும் தவில்காரரிடமும் அவர்கள் சம்மதத்தோடு பெயரும் ஊரும் குருவின் பெயரும் கேட்டு, தேதியோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.