புரதங்களின் அமைப்பும் தொழிலும்

புரதம்: உயிரணுவின் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்யும் மூலக்கூறு. உணவைச் செரிப்பதும், பிராணவாயுவைச் சுமப்பதும், தசையை இயக்குவதும், எலும்பையும் தோலையும் தாங்குவதும் புரதங்களே. 20 வகை அமினோ அமிலங்கள் பலவித வரிசைகளில் கோத்த சங்கிலி அது; அந்தச் சங்கிலி கொள்ளும் உருவத்தைப் பொறுத்தே அதன் தொழில் அமைகிறது. குமரி மாவட்டத்தின் கடலும் மலையும் இதற்கு இரு சான்றுகள் தருகின்றன. தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடலில் பிடிக்கும் சுறாவின் துடுப்பு விறைத்து நிற்பது கொலாஜன் வகைப் புரத இழைகளால். குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டி எடுக்கும் ரப்பர் பாலில் ஹெவின் என்ற புரதம் இருக்கிறது. வெறும் 43 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு உருண்டை, பூஞ்சையின் உறையிலுள்ள கைட்டினைப் பற்றிக்கொள்வது. ஒரே வகைச் சங்கிலி ஓரிடத்தில் இழையாகவும் இன்னோரிடத்தில் உருண்டையாகவும் ஆவது எப்படி? இக்கேள்வியின் வரலாற்றை எக்ஸ் கதிர்ப் படங்களின் வரலாறாகவே பலரும் எழுதுகிறார்கள். ஆனால் சங்கிலியால் எந்த உருவங்களைக் கொள்ளவே முடியாது என்று கணக்கிட்டதும் அதே அளவு முக்கியமான திருப்பம். அது நிகழ்ந்த இடம் சென்னை.

புரதம் என்ற வகையை 1838இல் முல்டர் அறிவித்தார். 1902இல் எமில் பிஷரும் ஹோப்மைஸ்டரும் அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன என்றனர். 1926இல் சம்னர் வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கி, நொதியும் புரதமே என்று காட்டினார். சாங்கர் 1950களில் இன்சுலினின் அமினோ அமில வரிசையை முழுதும் கண்டறிந்தார். வரிசை தெரிந்தாலும் உருவம் தெரிந்துவிடாது. 1951இல் பாலிங்கும் கோரியும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது என்பதைப் பிடியாகக் கொண்டு ஆல்ஃபா சுருள் என்ற உருவத்தை முன்வைத்தார்கள். ஆனால் கொலாஜனின் எக்ஸ் கதிர்ப் படம் அந்தச் சுருளுக்குள் அடங்கவில்லை.

எர்ணாகுளத்தில் பிறந்து, பெங்களூரில் சி. வி. ராமனிடம் பயின்ற ஜி. என். ராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவரானார். சென்னைக்கு வந்த படிகவியல் அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத சிக்கல் என்று சுட்டிக்காட்டினார். முதலில் சுறாத் துடுப்பின் கொலாஜனைக் கொண்டு எடுத்த படம் தெளிவாக இல்லை. பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியே கிடைத்த கங்காரு வால் தசைநாண் நல்ல படம் தந்தது. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 1955இல் அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாகத் திருத்தினர். கயிறு திரிப்பவர்கள் புரியை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்குவதுபோல, கொலாஜனில் ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகவும் மூன்றும் சேர்ந்து வலப்புறமாகவும் சுழல்கின்றன. இழுத்தாலும் பிரியாத உறுதிக்கு அதுவும் ஒரு காரணம். மூன்றும் நெருங்கும் நடுவில் கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அதனாலேயே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருகிறது. அதில் ஒன்று மட்டும் மரபுப் பிழையால் மாறினாலும் பிறவியிலேயே எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் வரக்கூடும். உருவமும் தொழிலும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேடவேண்டியதில்லை.

ரிச்சும் கிரிக்கும் 1955இல் இந்த மாதிரியை எதிர்த்தனர். சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்கின்றன; மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது பொருந்தாது, ஒன்றே சரி என்றனர். ஹைட்ரஜன் பிணைப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னதே நின்றது. 1994இல் வெளியான படிக அமைப்பு அதை உறுதிசெய்தது. முறுக்கிய மூன்று சங்கிலிகள் என்ற அடிப்படையும் நிலைத்தது. ஆனால் அந்த எதிர்ப்பின் பெரிய பலன் வேறு. மிக நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம்? இதற்கு அப்போது ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. சென்னைக் குழு அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கிடையே அமைந்த தூரங்களைத் தொகுத்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவற்றின் கோணங்களே ஃபை, சை. அவ்விரண்டையும் மாற்றி மாற்றி, எங்கே அணுக்கள் மோதுகின்றன என்று ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு 1963இல் வரைபடமாக வெளியிட்டார்கள். வரைபடத்தின் பரப்பில் கால் பங்குக்கும் குறைவான இடமே சங்கிலிக்கு எட்டுவது. மற்றவை அணுக்கள் மோதும் பகுதிகள். பாலிங்கின் ஆல்ஃபா சுருளும், பீட்டா தகடு என்ற இன்னோர் உருவமும், கொலாஜனும் அந்தச் சிறு தீவுகளுக்குள்ளேயே வந்து விழுந்தன.

வரைபடம் விலக்க மட்டுமே செய்யும், ஒரு புரதம் எப்படி மடியும் என்று சொல்லாது என்ற மறுப்பு நியாயமானது. வரிசையே மடிப்பைத் தீர்மானிக்கிறது என்பதை அன்பின்சென் ரிபோநியூக்ளியேஸ் நொதிச் சோதனைகளால் காட்டினார். வரிசையிலிருந்து உருவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலை உருவாக்கியவர்களுக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. இதனால் பழைய வரைபடம் காலாவதியாகிவிடவில்லை. சோதனையில் கண்ட அமைப்பானாலும் கணினி கணித்ததானாலும், அதன் கோணங்கள் தடைசெய்த பகுதியில் விழுகின்றனவா என்பதே இன்றும் முதலில் பார்க்கும் சோதனைகளில் ஒன்று. அப்படி விழுந்தால் பெரும்பாலும் அமைப்பை வரைந்ததில் பிழை. அரிதாகச் சில, நொதியின் வேலைக்காகவே இறுகிப்போன உண்மையான கோணங்கள். நிலையான உருவமே இல்லாமல் நெகிழ்ந்து இயங்கும் புரதங்களும் உண்டு என்பது இன்னும் கடினமான எதிர்வாதம். உருவத்திலிருந்தே தொழில் என்ற பழைய வாய்பாட்டை அவை உடைப்பது உண்மை. இருந்தும் அந்தப் புரதங்கள் ஓயாமல் மாற்றிக்கொள்ளும் நிலைகளும் பெரிதும் அணு மோதல் விடும் அதே தீவுகளுக்குள்தான் அமைகின்றன. நெகிழ்வு என்பது எல்லையற்ற சுதந்திரம் அல்ல. ஒரு புரதத்துக்கு எத்தனை உருவம் என்பதில் அறிவியல் மனத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. எந்தக் கோணங்கள் கூடாது என்பதில் 1963இன் கணக்கு, சிறு திருத்தங்களோடு, இன்னும் செல்லுபடியாகிறது.