பழைய வண்டியின் நியாய விலை

தேவாரத்தில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தூக்குவாளியுடன் பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்கிறார்கள். மலை ஊருக்கு அருகிலேயே நிற்கிறது. ஆனால் சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்பது நெடுங்காலக் கோரிக்கையாகவே நீடிப்பதால், போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றித்தான் ஏலத்தோட்டங்களை அடைய வேண்டியிருக்கிறது. இவ்வண்டிகளில் பெரும்பாலானவை கைமாறி வந்தவை. பழைய வண்டி ஒன்றுக்கு நியாயமான விலை எது என்பதை மனிதர்கள் எவ்வாறு முடிவு செய்து வந்திருக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் இந்த ஜீப்புகளிலிருந்தே தொடங்கலாம்.

மோட்டார் வருமுன் இம்மலைகளில் பொதி சுமந்தவை கழுதையும் மட்டக்குதிரையும். கீழே, சமவெளியில், மாடு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிந்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள். விலையை மட்டும் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசினார். அங்கே விலை மறைவாகவும் மாடு வெளிப்படையாகவும் இருந்தன. மோட்டார் வண்டி வந்தபோது இது தலைகீழாயிற்று. விலையை எல்லோரும் உரக்கப் பேசினார்கள். வண்டியின் உள்ளே இருப்பது விற்பவருக்கு மட்டுமே தெரிந்தது.

ஜீப் இரண்டாம் உலகப் போரின் குழந்தை. 1941 முதல் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் அதைப் படைகளுக்காகப் பெருமளவில் உருவாக்கின. 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து வண்டியாகப் பூட்டத் தொடங்கியது. அதே போர் தமிழ்நாட்டுக்கு இன்னொன்றையும் விட்டுச் சென்றது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட விமான ஓடுதளம் கார்ப் பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது.

அசலான ஸ்போர்ட்ஸ் கார் அந்நாளில் இந்தியர்களுக்கு எட்டாக்கனி. அதற்கு மிக அருகில் வந்தது, 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு. அதன் சேஸிஸை அடிப்படையாகக் கொண்டே இங்கிலாந்தில் 1962இல் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. பந்தயத்தில் ஓடிய கார் சந்தைக்கு வரும்போது ஒரு புதிர் எழுகிறது. மீட்டர் காட்டும் தூரம் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிறு தூரத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பட்ட பாட்டை எந்த மீட்டரும் காட்டாது. ஸ்போர்ட்ஸ் காரும் மலை ஜீப்பும் உறவினர்களாவது இவ்விடத்தில்தான். இரண்டிலும் ஓடிய தூரத்தைவிட ஓடிய விதமே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

'நியாய விலை' என்ற சொல்லை அரசும் கையில் எடுத்தது. கார் விலைகளை 1969இல் மத்திய அரசு ஆணையிட்டு நிர்ணயித்தபோது, உற்பத்தி நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. நீதிமன்றம் விலையை ஆராய ஓர் ஆணையத்தை அமைத்து, 1971இல் தீர்ப்பளித்தது. உற்பத்திச் செலவு, தேய்மானம், முதலீட்டுக்கான வருவாய் என்று நுணுக்கமாகக் கணக்கிட்ட விசாரணை அது. ஆனால் அக்கணக்குப் புதிய காருக்கே பொருந்தியது. பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அக்காலத்தில், ஷோரூமிலிருந்து வெளிவந்த ஃபியட் அரசு குறித்த விலையைவிட அதிகத்துக்குக் கைமாறியது. காத்திருக்கும் காலத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதைச் சந்தை கண்டுகொண்டிருந்தது.

இதற்கிடையே, 1970இல், அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அவர் டெல்லியில் ஓராண்டு தங்கியிருந்தவர். கட்டுரையிலும் இந்தியா உதாரணமாக வருகிறது. அவர் வாதம் எளியது. நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாததால் அவர் சராசரி விலையே தர முன்வருகிறார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுகிறார். சந்தையில் எஞ்சுபவை மோசமானவையே. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மோசமான காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். நாமோ திருஷ்டி கழிய எலுமிச்சையைச் சக்கரத்தின் கீழ் நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம். இரண்டு எலுமிச்சைக்கும் அடியில் இருப்பது ஒரே அச்சம்.

அச்சம் நீங்கினால் விலை எங்கே போகும் என்பதற்கு ஃபெராரி 250 ஜிடிஓ சான்று. 1962 முதல் 1964 வரை தயாரானவை 36 மட்டுமே. பந்தய வாழ்வு முடிந்தபின் சில ஆயிரம் டாலருக்குக் கைமாறிய கார்கள் அவை. 2018இல் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அருமை ஒரு காரணம். இன்னொன்று, ஒவ்வொன்றும் எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு பதிவாகியிருப்பது. அங்கே வாங்கப்படுவது இரும்பு மட்டுமன்று. ஐயமற்ற ஒரு சரித்திரமும்தான்.

இந்தப் பாடத்தைப் போடி வட்டாரத்துக்கு ஃபெராரி வந்து சொல்ல வேண்டியதில்லை. போடிநாயக்கனூரின் ஏலக்காய் ஏலத்தில் மாதிரியை எல்லா வியாபாரிகளும் பார்க்கிறார்கள். நிறம், பருமன், லிட்டர் எடை ஆகியவற்றை மதிப்பிட்ட பிறகே விலை கேட்கிறார்கள். 2007 முதல் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாயைத் தொட்டது, பின்னர் இறங்கியது. ஏறினாலும் இறங்கினாலும் சரக்கின் தரம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேரத் தெரிந்திருக்கிறது.

ஜீப்புக்கு மாதிரி கிடையாது, மலைதான் சோதனை. விவரமறிந்தவர் புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்குவதில்லை. பட்டி பூசிய இடத்தைத் தட்டிப் பார்க்கிறார். சேஸிஸில் வெல்டிங் இருக்கிறதா, எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று குனிந்து பார்க்கிறார். ஆறிய இன்ஜினைத் தாமே கிளப்பி, நீலப்புகை வந்தால் ஆயில் எரிவதை அறிகிறார். மீட்டர் குறைவாகக் காட்ட, கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்திருந்தால் பெடலையே நம்புகிறார். பாரம் ஏற்றி ஏற்றத்தில் லோ கியரையும், இறக்கத்தில் பிரேக்கையும் சோதிக்கிறார். அதே ரக நல்ல வண்டியின் விலையில் டயர், கிளட்ச், எஃப்.சி. ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் கழித்தால் வருவதே அவர் கணக்கில் நியாய விலை.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. ஸ்போர்ட்ஸ் காரைத் தவறாக மதிப்பிட்டால் வாங்கியவர் பணத்தை இழப்பார். மலை ஜீப்பின் பிரேக்கைத் தவறாக மதிப்பிட்டால் இழப்பவர்கள் பின்னால் அமர்ந்திருக்கும் கூலிப் பெண்கள். பேரம் பேசப்பட்டபோது அவர்கள் அங்கே இல்லை. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மாலையில் அவர்கள் இறங்கி வரும்போதுதான், அந்தப் பேரத்தில் எது கழிக்கப்பட்டது, எது கழிக்கப்படாமல் விடப்பட்டது என்பது தெரியும்.