கந்தளாய்: குளத் திருத்தமும் உழைப்பின் வரலாறும்

திருகோணமலை மாவட்டம் வெளியுலகுக்கு அதன் துறைமுகத்தாலும் நிலாவெளிக் கடற்கரையாலுமே பெரிதும் அறிமுகமாகியுள்ளது. ஆயின் கரையை விட்டு உள்நாடு நோக்கிச் செல்வோர் காண்பது குளமும் வாய்க்காலும் வயலுமாகிய வேறோர் உலகமாகும். அவ்வுலகின் மையம் கந்தளாய்க் குளம். மாவட்டத்தின் வயல்களுக்கு மட்டுமன்றித் திருகோணமலை நகரின் குடிநீருக்கும் அதுவே ஆதாரமாகும். குளத்தின் அயலில் கைவிடப்பட்ட சீனித் தொழிற்சாலை நிற்கின்றது. திருத்தப்பட்ட பழைய அணையும் பாழடைந்த புதிய ஆலையும் ஒருங்கே காட்சிதரும் இவ்விடத்தில், 'திருத்தம்' என்னும் சொல்லின் சமூகப் பொருளை ஆராய்வதே நமது நோக்கமாகும்.

கந்தளாயைக் கட்டியவர் யார் என்ற வினாவே இதுகாறும் முதன்மை பெற்று வந்துள்ளது. பாளி வரலாற்று மரபு கி.பி. 7 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியைச் சுட்டுகின்றது. பின்னர் முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) அதனைப் புதுக்கியதாகவும் கூறப்படும். கோணேசர் கல்வெட்டு முதலிய தமிழ் நூல்கள் குளக்கோட்டனை முன்னிறுத்துகின்றன. சோழர் காலத்தில் கந்தளாயிற் சதுர்வேதிமங்கலமொன்று நிலவியமைக்குச் சாசனச் சான்றுண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மண்ணுக்கு உரிமை கோருவது இரு தரப்பு இனவாதிகளுக்கும் எளிதாயிற்று. மண் சுமந்தவர் யார், ஆண்டுதோறும் கட்டைக் காத்தவர் யார் என்னும் வினாவோ எழுப்பப்படவில்லை.

மண் அணை ஒருமுறை கட்டிமுடிக்கப்பட்டு நிலைத்துவிடும் பொருளன்று. மழை அதன் சரிவை அரிக்கும். மரவேர்களும் கறையான் புற்றுகளும் உள்ளே வழி திறக்கும். அவ்வழியே கசியும் நீர் நுண்மண்ணைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். வெளித்தோற்றத்தில் உறுதியாயிருக்கும் கட்டு ஒருநாள் உடையும். வாய்க்காலும் அத்தகையதே. அம்பன் கங்கையின் நீர் எலகரை அணையிலிருந்து மின்னேரியாவை அடைந்து, அங்கிருந்து யோத எல வழியே கந்தளாயை வந்தடைகின்றது. இந்நெடுவழியில் ஓரிடத்து வண்டல் தூர்ந்தாலும் கீழேயுள்ள வயல் காயும். ஆகவே குளம் என்பது இடையறாது புதுப்பிக்கப்படும் உழைப்பேயாகும்.

ஆசியச் சமூகங்களிற் பாசன வேலைகள் பெறும் இடத்தைக் கார்ல் மார்க்ஸ் 1853 இல் இந்தியா பற்றி எழுதிய கட்டுரைகளிற் சுட்டினார். விட்போகல் 1957 இல் இதனை நீர் நிர்வாகச் சர்வாதிகாரக் கோட்பாடாகத் திரித்தார். இலங்கைச் சான்றுகளைக் கொண்டு அதனை 1959 இல் எட்மண்ட் லீச் மறுத்தார். 1971 இல் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன, பாசன அதிகாரம் மன்னனிடம் மட்டுமன்றி விகாரைகளிடமும் உள்ளூர் மேலோரிடமும் பரந்திருந்தமையை விளக்கினார். இந்நோக்கிற் கோணேசர் கல்வெட்டையும் நாம் மீள வாசித்தல் வேண்டும். தானத்தார், வரிப்பத்தார் முதலியோருக்கு ஊழியங்களை வகுத்து, வயல் வருவாயைக் கோயிலுக்கு உரித்தாக்கும் அந்நூல், பக்தியின் மொழியிலமைந்த உழைப்பு ஒழுங்கின் ஆவணமுமாகும்.

1832 இல் பிரித்தானியர் இராசகாரியத்தை ஒழித்தனர். கட்டாய ஊழியத்தின் ஒழிப்பு முற்போக்கானதே. எனினும் அதன் இடத்தை நிரப்பவல்ல கூட்டு நிறுவனமெதுவும் தோற்றுவிக்கப்படாமையால் ஊர்க்குளங்களின் பராமரிப்புத் தளர்ந்தது. பழைய பாசன வழமைகளுக்குச் சட்டவலு அளித்து 1856 இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் இக்குறையின் ஒப்புதலேயாகும். நெடுங்காலம் சிதைந்துகிடந்த கந்தளாய்க் குளம் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரச செலவில் திருத்தப்பட்டது. நீர் வந்தது, ஆயினும் பல ஆண்டுகள் போதிய குடிகள் வரவில்லை. கல்லையும் மண்ணையும் திருத்துவதாற் சமூகம் தானே திருந்திவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சுதந்திரத்திற்குப் பிந்திய அரசு குடியேற்றத்தால் இதற்கு விடைகாண முயன்றது. அக்குடியேற்றம் மாவட்டத்தின் இனவிகிதாசாரத்தை மாற்றியமை தமிழ் பேசும் மக்களின் நியாயமான முறைப்பாடாகும். அதேவேளை, குடியேற்றப்பட்ட சிங்கள விவசாயி நிலமற்ற வறியவனாகவே வந்தான் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. பெருங்குளங்களின் கட்டும் மதகும் திணைக்களத்தின் கையிலேயே இருந்தன. அக்காலப்பகுதியிலேயே செக்கோசிலோவாக்கிய உதவியுடன் சீனித் தொழிற்சாலையும் எழுந்தது. நெல் ஏறத்தாழ நான்கு மாதப் பயிர். கரும்போ ஆண்டு முழுவதும் நீர் வேண்டுவது. ஒரே குளத்திலிருந்து சிறு விவசாயியும் கூட்டுத்தாபனமும் நீர் கோரும் நிலை தோன்றிற்று.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. கட்டின் மீது கனரக வாகனங்கள் செலுத்தப்பட்டமை காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. போர் மூண்டிருந்த அவ்வாண்டுகளில் மாவட்டம் இனரீதியாகப் பிளவுண்டிருந்தது; வெள்ளமோ தன் வழியில் உறங்கிய ஏழைகளையே கொண்டுசென்றது. கட்டு மீளக் கட்டப்பட்டது. 1977 இன் திறந்த பொருளாதாரத்தாலும் போராலும் நலிந்த ஆலை 1990களின் முற்பகுதியில் மூடப்பட்டது. பின்னர் தனியார் முதலீட்டினால் அதனை மீட்கும் முயற்சிகள் நிகழ்ந்தும் கந்தளாய்ச் சீனி மீளவில்லை.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஆலையின் இயந்திரங்களோடு ஒப்பிடுகையிற் குளக்கட்டு மிகப் பழையது. எனினும் குளம் மீண்டது, ஆலை மீளவில்லை. குளத்தை இழந்தால் வாழமுடியாத மக்கள் அதன் கீழே இருந்தனர். ஆலையின் விதியோ சந்தையிலும் அமைச்சுகளிலும் தீர்மானிக்கப்பட்டது. ஆயினும் குளம்பற்றிய அதிகாரமும் அம்மக்களிடம் முழுமையாக வந்துவிடவில்லை. 1988 இன் பின்னர் பங்கேற்பு முகாமைத்துவம் அரச கொள்கையாயிற்று. 1991 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கமக்காரர் அமைப்புகளுக்கு அங்கீகாரம் அளித்தது. ஆனால் கிளை வாய்க்காலைத் துப்புரவாக்கும் கடமையே அவர்களுக்குக் கைமாறியது. அணைபற்றிய தீர்மானம் கைமாறவில்லை. கடமையை மட்டும் பகிர்ந்து அதிகாரத்தைப் பகிராத ஏற்பாடு பழைய ஊழியத்தின் புதிய வடிவமாகிவிடும் ஆபத்துண்டு.

எனவே கந்தளாயின் திருத்தம் பற்றிப் பேசுவோர் மூன்றினை வலியுறுத்துதல் தகும். கட்டின் பரிசோதனை அறிக்கைகள் கீழ்வாழும் மக்களுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் கிடைத்தல் வேண்டும். ஆலைக் காணியின் எதிர்காலம் முதலீட்டாளரின் விருப்பாலன்றி, குளத்தின் நீர்க்கணக்கோடு சேர்த்துத் தீர்மானிக்கப்படல் வேண்டும். கந்தளாய் விவசாயியும் குழாய்நீரை நம்பியிருக்கும் நகரத் தொழிலாளியும் ஒரே நீரின் பங்காளிகளாய்த் தீர்மானத்தில் இடம்பெறல் வேண்டும். குளக்கோட்டனா அக்கபோதியா என்ற வழக்கு எவ்வாறு முடியினும், அடுத்த மாரிக்கு முன் கட்டைச் சீர்செய்யும் கைகள் இவர்களுடையனவே.