கபச் சுரப்பி: தப்பாய் வந்த பெயரும் தாமதமாய் வந்த மருந்தும்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சளியைக் குறிக்க 'பித்துயித்' என்று ஒரு பழைய சொல் அந்த மொழியில் உண்டு. கப்பலூரில் குடியேறிய பிறகு ஒரு நாள் பேரனின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். பிட்யூட்டரிக்குத் தமிழில் 'கபச் சுரப்பி' என்று போட்டிருந்தது. ஏன் கபம் என்று கேட்டான் பேரன். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மூளையின் கழிவு இந்தச் சுரப்பி வழியாக மூக்குக்குச் சளியாக இறங்குகிறது என்று 2-ஆம் நூற்றாண்டில் காலன் என்ற கிரேக்க வைத்தியர் நம்பினார். சளி மூக்கின் உட்தோலிலேயே உண்டாகிறது என்று 17-ஆம் நூற்றாண்டில் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் நிரூபித்தார். ஆனாலும் பெயர் மாறவில்லை. லத்தீனில் இருந்த தப்பு தமிழ் வரை வந்துவிட்டது.

மூளைக்கு அடியில், எலும்புக் குழியில், பட்டாணி அளவில் இருப்பது இது. தைராய்டு, அட்ரினல், சூல்பை எல்லாம் இதன் உத்தரவில்தான் நடக்கின்றன. தலைமை அலுவலகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1886-ல் பாரீஸில் பியேர் மரீ என்ற மருத்துவர், கை, கால், தாடை பெருத்துப்போகும் நோயை விவரித்து அக்ரோமெகலி என்று பெயரிட்டார். இந்தச் சுரப்பியில் வரும் கட்டிதான் காரணம் என்பது பின்னால் தெளிவாயிற்று. 1907-ல் ஷ்லோஃபர் என்பவர் மூக்கு வழியாகவே அந்தக் கட்டியை எடுத்தார். இன்றும் பெரும்பாலும் அந்த வழிதான்.

சுரப்பி அதிகம் வேலை செய்தால் வரும் கோளாறு அது. வேலையே செய்யாமல் நின்றுபோனால்? அதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

என் மனைவியின் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவேன். 1971-ல் அவருக்கு வீட்டிலேயே பிரசவம் நடந்தது. ரத்தம் நிறையப் போய் மயங்கிவிட்டார். பிழைத்தது பெரிய காரியம். பிள்ளைக்குப் பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார். சோம்பேறி என்றார்கள் சிலர், காத்துக் கருப்பு என்றார்கள் சிலர். நானும் ஒன்றிரண்டு முறை எரிச்சல்பட்டிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது.

22 வருடம் இப்படியே போயிற்று. ஒருவர் தைராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தார். சில நாளில் வாந்தியும் மயக்கமுமாய்ப் படுத்துவிட்டார். பிறகு பார்த்த மருத்துவர் இரண்டே கேள்வி கேட்டார்: "அம்மா, கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா? பால் சுரந்துச்சா?"

ஷீஹன் நோய் என்றார். கர்ப்ப காலத்தில் இந்தச் சுரப்பி பருத்திருக்கும். ரத்தம் அதிகம் போனால் அதற்கு ஓட்டம் நின்று, பெரும்பகுதி பட்டுப்போகும். 1937-ல் இதை விளக்கியவர் ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர். மருந்தில் வரிசை முக்கியம்: முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சம் கார்ட்டிசாலும் சீக்கிரம் தீர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மதினிக்கு நடந்தது அதுதான்.

சரியான மாத்திரை தொடங்கிய ஒரே வாரத்தில் எழுந்து கோலம் போட்டார்.

இது ஏதோ அபூர்வ நோய் என்று நினைத்திருந்தேன். காஷ்மீரில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வின்படி, பிள்ளை பெற்ற, 20 வயதைத் தாண்டிய பெண்களில் 100-க்கு ஏறக்குறைய 3 பேருக்கு இது இருந்தது. அவர்களில் பாதிக்கும் மேல் வீட்டில் பிரசவமானவர்கள். இப்போது ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியதால் குறைந்து வருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் வீட்டில் பெற்றவர்கள் நம் வயதில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படி யாராவது பல வருடமாய்ச் சோர்ந்து கிடந்தால் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். 'ஆமாம்' என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மதினி அந்தச் சீட்டைக் கடைசிவரை சுருக்குப் பையில்தான் வைத்திருந்தார்.