பழவேற்காடு கோட்டையும் தாய்மாமன் கல்யாணமும்

1/ பழவேற்காடு போனா படகு, பூநாரை, நண்டுன்னு பார்த்துட்டு வந்துடறோம். அடுத்த தடவை அங்கே இருக்கும் டச்சுக் கல்லறைகளையும் பாருங்க. ஐரோப்பிய ராஜகுடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை நம்ம ஏரிக்கரை வரை வந்த கதை இது. கடைசியில் ஒரு மருத்துவ விஷயமும் இருக்கு.

2/ ஹாப்ஸ்பர்க் குடும்பம். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1555-56ல் பதவி விலகினார். ஸ்பெயினும் நெதர்லாந்தும் மகன் இரண்டாம் பிலிப்புக்கு. ஆஸ்திரியாவும் பேரரசர் பட்டமும் தம்பி ஃபெர்டினாண்ட் பக்கம்.

3/ பிலிப்பை எதிர்த்து டச்சுக்காரர்கள் கிளம்பினார்கள். 1580ல் போர்ச்சுகலும் பிலிப் கைக்கு வந்தது. ஆக, நம்ம சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கும் இப்போ ராஜா ஹாப்ஸ்பர்க்தான்.

4/ 1609ல் ஐரோப்பாவில் 12 வருஷப் போர்நிறுத்தம். இங்கே சண்டை நிக்கலை. விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு டச்சுக்காரர் பழவேற்காட்டில் போட்ட கிடங்கை, 1612ல் சாந்தோம் போர்த்துகீசியர் அழித்தார்கள். அதுக்கப்புறம் 1613ல் எழும்பியதுதான் கெல்ட்ரியா கோட்டை. அங்கிருந்து துணி மட்டும் போகலை. நம்ம மனுஷங்களும் அடிமைகளா கப்பல் ஏத்தப்பட்டாங்க.

5/ இனி குடும்பக் கதை. பிரிஞ்ச சொத்து வெளியே போயிடக்கூடாதுன்னு ரெண்டு கிளையும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்தாங்க. இரண்டாம் பிலிப் கட்டினது சொந்தத் தங்கை மகள் ஆன்னாவை. அவர் பேரன் நான்காம் பிலிப் கட்டினதும் தங்கை மகள் மரியானாவைத்தான்.

6/ மரியானாவின் மகன் இரண்டாம் சார்லஸ். பேச்சும் நடையும் தாமதம். தாடை நீண்டு, மெல்லவே சிரமம். ரெண்டு கல்யாணம், குழந்தை இல்லை. 1700ல், 38 வயசில் இறந்தார். ஸ்பெயின் கிளை முடிஞ்சது. வாரிசு யார்னு 1701லிருந்து 1714 வரை போர்.

7/ 2009ல் ஆய்வாளர்கள் கணக்கு போட்டாங்க. ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, தாய்மாமன் கல்யாணத்துக் குழந்தைக்கு 12.5%. சார்லஸுக்கு 25%க்கும் மேல். ஒரு கல்யாணம் செய்த வேலை இல்லை இது. தலைமுறை தலைமுறையா சேர்ந்த வட்டி.

8/ ஏரியோரக் குப்பத்திலிருந்து செக்கப்புக்கு வர்ற பொண்ணுகிட்ட "சொந்தத்தில் கல்யாணமாம்மா?"ன்னு கேட்டா, "மாமாதான் டாக்டர்"னு சிரிக்கும். அடுத்த கேள்வி: "அம்மாவுக்கு? பாட்டிக்கு?" அங்கேயும் மாமாதான்னா நான் பேனாவைக் கீழே வெச்சுட்டு நிதானமா பேச ஆரம்பிப்பேன். குப்பம்னு இல்லை, தமிழ்நாடு பூரா இதே கதைதான்.

9/ பயமுறுத்தலை. சொந்தத்தில் கட்டினவங்களில் பெரும்பாலானோருக்கு நல்ல குழந்தைதான் பிறக்குது. ஆனா மறைக்காதீங்க, முதல் செக்கப்பிலேயே சொல்லுங்க. ஸ்கேனைத் தவறவிடாதீங்க. பிறந்த குழந்தைக்குக் காது கேட்குதான்னு பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்க. வீட்டில் அடுத்த கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, "இந்தத் தடவையாவது வெளியில பார்ப்போமே"ன்னு ஒருத்தர் சொல்லணும். அந்த ஒருத்தரா நீங்க இருங்க.