வாத்தியாருக்குப் படியளந்த வீடுகள்

திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அரசாங்கச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளின் வீடுகள்தான் அவருக்குப் படியளந்தன. மாதம் பிறந்தால் சில வீடுகளில் காசு, அறுவடை முடிந்தால் சில வீடுகளில் நெல். பிள்ளையைச் சேர்க்கும் நாளிலும், ஒரு சுவடியை முடித்து அடுத்ததை எடுக்கும் நாளிலும் வேட்டி, வெற்றிலை பாக்கு, காய்கறி என்று தட்டு வந்துவிடும். நவராத்திரி வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கோலாட்டக் கழியோடு பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் தரும் காசு வாத்தியாரைச் சேரும். பிள்ளை எப்படிப் பாடுகிறான் என்பதைத் தெருவே பார்த்துவிடும்.

பள்ளியும் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. மணலில் விரல் பதித்து எழுதும் பிள்ளையின் குரல் உள்ளே அடுப்படி வரை கேட்கும். ஒருவன் வராவிட்டால், மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கே போய்விடுவான். பரண்மேல் ஒளிந்தவனையும் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வந்துவிடுவார்கள்.

பெற்றவர்கள் அதைத் தடுக்கவில்லை. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சுடுங்க வாத்தியாரே" என்று சொல்லிச் சேர்த்த அப்பன்மார்கள் அவர்கள். கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம், அண்ணாந்து நிற்க வைக்கும் அண்ணாந்தாள் போன்ற தண்டனைகள் அந்தச் சம்மதத்தின் பேரில்தான் நடந்தன. வீடும் பள்ளியும் கைகோத்து நின்ற காலம் என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றபோது, நடுவில் நின்ற பிள்ளைக்கு முறையிட ஆளில்லை.

இந்தப் பள்ளிகள் எத்தனை இருந்தன என்று முதன்முதலில் விரிவாகக் கணக்கெடுத்தவர் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ. 1822-ல் எல்லா கலெக்டர்களுக்கும் உத்தரவு போட்டார். 1826-ல் அவர் தொகுத்துச் சொன்ன கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாணத்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 1 கோடியே 28 லட்சம். வாத்தியாரின் வருமானம் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் போகவில்லை என்றும், அந்த வருமானத்துக்குத் தகுதியானவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்றும் மன்றோ எழுதினார்.

அந்தக் கணக்கில் இன்னொரு எண் உண்டு. சென்னை நகரத்தில் பள்ளியில் படித்தவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர்தான். வீட்டிலேயே படித்ததாகப் பதிவானவர்களோ 26,963 பேர். மன்றோவுக்கே அந்த எண்ணில் சந்தேகம் இருந்தது. ஆனால் தந்தையோ உறவினரோ வீட்டுக்கு வரும் ஆசிரியரோ எழுத்துச் சொல்லிக் கொடுப்பது அன்று சகஜம் என்பதில் அவருக்கும் ஐயமில்லை.

காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் திரட்டி 1983-ல் நூலாக்கினார். தமிழ் மாவட்டங்களில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிராமணரல்லாதார் என்பதை அந்த அட்டவணைகள் காட்டின. பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற பலரின் நினைப்பை மாற்றிய உண்மை அது. அதே அட்டவணைகளில் பெண் குழந்தைகள் மிகச் சொற்பம் என்பதும் உண்மை. சேரிப் பிள்ளைக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. வீடு படியளந்தால்தான் பள்ளி என்ற ஏற்பாட்டில், அளக்க நெல் இல்லாத வீட்டுக்கும் வாசற்படி ஏற அனுமதிக்கப்படாத வீட்டுக்கும் பங்கு கிடையாது. அந்தப் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையைச் சேர்க்க வேறு இடம் வேண்டியிருந்தது. 1894-ல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் சென்னையில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி அப்படி வந்த இடங்களில் ஒன்று.

அதற்கு முன்பே அரசாங்கம் பள்ளிக்குள் வந்துவிட்டது. 1854-ல் வந்த பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரும் வழியைத் திறந்தது. தேர்ச்சியைப் பார்த்து மானியம் என்ற முறையும் சென்னை மாகாணத்தில் பரவியது. அதுவரை ஊரின் முகத்தைப் பார்த்த வாத்தியார் இப்போது இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. சம்பளம் ஓரளவு நிலையானது, பாடம் ஒழுங்கானது, சேர்க்கையின் கதவும் மெல்ல விரிந்தது. ஆனால் பெற்றவர் பள்ளிக்கு வெளியே நிற்கும் ஆளானார்.

படிக்க வைக்க விருப்பமிருந்தும் சோறு போட முடியாத வீடுகளைப் பள்ளி நிர்வாகம் கவனித்தது பிறகுதான். 1920 செப்டம்பரில், தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. அங்கே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள், வறுமை வருகையைக் குறைக்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். வீட்டின் பசி பள்ளியின் பொறுப்பும் ஆகும் என்று ஒரு தமிழ் நகரம் ஒப்புக்கொண்ட நாள் அது.

வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே கோடு எங்கே போடுவது என்ற கேள்வி பெரும் போராட்டமாக வெடித்தது 1953-ல். முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் பிள்ளை வீட்டில் தகப்பனுடைய தொழிலைப் பழக வேண்டும். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவர் கணக்கு. குயவர் மகன் சக்கரத்துக்கும் வண்ணார் மகன் துறைக்கும் திரும்பிப் போக வேண்டும் என்பதே அதன் விளைவு என்றது எதிர்த்தரப்பு. பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். மே மாதம், காமராஜர் அமைச்சரவையின் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.

எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. தன் தொழில் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று நினைக்கும் உரிமை ஒரு தகப்பனுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தை அவன் நம்பியதே அதற்காகத்தான்.

அந்த நம்பிக்கையை ஊரூராகத் திரட்டியவர் நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்துக்காரர். 1954-ல் சென்னை மாநிலப் பொதுக்கல்வி இயக்குநரானார். 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது, அடுப்பு எரிந்தது பெரிதும் ஊர்மக்கள் தந்த அரிசியையும் காசையும் நம்பித்தான். அரசு நிதி பின்னால் வந்து சேர்ந்தது. 1958-ல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர்கள் பட்டியல் போட்டார்கள். ஊர் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. ஒருவர் மனை கொடுப்பார், ஒருவர் கூரைக்கு ஓடு. கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், மணி, தேசப்படம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டை என்று நீளும் பட்டியல். அதன்பின் மாவட்டம் தோறும் இத்தகைய மாநாடுகள் நடந்தன.

அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'கல்விச் சீர்' என்று ஒன்று நடக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் பழமும், தலையில் நாற்காலியும் பீரோவும் மின்விசிறியும் சுமந்து பெற்றோர் அரசுப் பள்ளிக்கு ஊர்வலம் போகிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் என்ற அமைப்பும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதிய பலருக்கு அதன் பெயர் மாதிரி வினாத்தாள் புத்தகத்தின் அட்டை வழியாகத்தான் பழக்கம். ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் கழகத்தின் சார்பில் சொற்பத் தொகைக்கு ஒருவரை அமர்த்தி வகுப்பை ஓட்டியதும் நடந்தது. பட்டதாரிப் பெண்கள் பலர் அந்தச் சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்தார்கள். நல்ல காரியம்தான். அரசு நிரப்ப வேண்டிய இடத்தை ஏழைப் பெற்றோரின் சந்தா நிரப்பியது என்பதையும் மறக்கக் கூடாது.

நெல்லும் ஓடும் பெஞ்சும் கேட்டுப் பெற்ற பள்ளி, பெற்றோரிடம் யோசனையும் கேட்டாக வேண்டும் என்று சட்டம் சொன்னது மிகவும் பின்னால். 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கேற்ற இடம். பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், மானியம் எதற்குச் செலவானது என்று பார்ப்பதும் இவர்கள் வேலை. பல ஆண்டுகள் பெயருக்கே இருந்த இந்தக் குழுக்களைத் தமிழ்நாடு 2022-ல் அரசுப் பள்ளிகளில் புதிதாகத் தேர்ந்தெடுத்து அமைத்தது.

கூலி வேலைக்குப் போகும் தாய் ஒருத்தி தலைமையாசிரியருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கழிப்பறைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. திண்ணைக் காலத்து வீட்டுக்காரருக்கும் கடம்பத்தூரில் மனை எழுதிக்கொடுத்தவருக்கும் சட்டப்படி இல்லாத உரிமை இது. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உட்காருங்கள், வரவு செலவு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், படிக்கத் தெரியாத பெற்றோர் பக்கத்தில் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.